நாப்பத்துமூண்டாம் நம்பர் பாஸ்

அந்தச் சொல்லை வெட்டுங்கோ நானா. அது வேற பாஸ். நீங்கள் டைப் அடிச்சிருக்கிறது ஊர்விட்டு ஊர் போறதுக்கு எடுக்கிற பாஸ். இது கடலுக்குப் போற பாஸ். வெட்டினா வடிவில்லை எண்டா வேற பேப்பர் போடுங்கோ, ஆனா கெதியாப் போடுங்கோ. நாலு மணிக்கு நேவிக்காரன்ர லொறி வந்திடும். வந்தா, பிடிச்சு வைச்சிருக்கிற அண்ணனை ஏத்திப்போடுவாங்கள். ஏத்தின பிறகு எந்தக் காம்ப் எண்டு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?

எனக்கு இங்கிலீஸ் தெரியுமோ எண்டோ? ஓ.எல். சோதினையில எஸ் பாஸ். அவ்வளவுதான். கணக்கில அதுவும் இல்லை. அதோட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. உங்கட மெசினில அடிச்ச எழுத்தை வாசிக்க அந்த எஸ் காணும்.

ஓம், அண்ணன்ர பேர் கனகசுந்தரம் இரத்தினசிங்கம். ஊர் சல்லி. தொழில் மீன்பிடி. இருவத்தெட்டு வயசு. முந்தநாள் அவர் கடலுக்குப் போகேல்ல எண்டு எழுதுங்கோ. காய்ச்சல். பாயில கிடந்தவர். அண்ணி கஞ்சி பருக்கினதைப் பக்கத்து வீட்டுச் சனம் முழுக்கக் கண்டது. அதையும் எழுதுங்கோ.

பொறுங்கோ. அந்த ஜீப் இங்க வருதோ? இல்லை, ஓர்ஸ் ஹில் பக்கம் ஏறுது. சரி. நீங்கள் அடியுங்கோ.

கடல் பாஸ் எப்பிடியெண்டு தெரியாதோ? அரசாங்கக் கச்சேரி வாசலில இருந்து மனு, பெட்டிசம் அடிக்கிற உங்களுக்கு அது எதுக்கு. கேளுங்கோ. காலமை நேவிக்காரன்ர செக் பொயின்ற்றுக்குப் போய் எங்கட ஐசியை, அடையாள அட்டையைக் குடுக்கவேணும். அவன் அதைப் பெட்டிக்க போட்டிட்டு நம்பர் போட்ட பிளாஸ்ரிக் மட்டை ஒண்டு தருவான். அதுதான் பாஸ். பின்னேரம் அஞ்சுக்கு முந்தி வந்து மட்டையைக் குடுத்திட்டு ஐசியை வாங்கவேணும். அஞ்சு மணிக்குப் பெட்டிக்க ஒரு ஐசி மிஞ்சிக் கிடந்தா, அந்த ஆள் ஒண்டில் செத்திட்டான், இல்லாட்டி அங்கால, இயக்கத்துக்குப் போயிட்டான். அவங்கள் முதலாவதை நம்பமாட்டாங்கள்.

அண்ணன்ர நாப்பத்துமூண்டு. முந்தநாள் நாப்பத்துமூண்டு திரும்பி வரேல்ல.

உங்கட இங்கிலீஸ்காரனுக்கு வேற சொல்லே கிடைக்கேல்லையோ நானா? பந்தைப் பாஸ் பண்ணாட்டி ஏச்சு. சோதினை பாஸ் பண்ணாட்டி அடி. போன வருசம் அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். டொக்டர் கேட்டவர், காலமையில இருந்து யூரின் பாஸ் பண்ணினதோ எண்டு. அம்மா பாஸ் எண்ட சொல்லைக் கேட்டதும் வெலவெலத்து, சட்டைக்குள்ள கையை விட்டு, டவுனில தங்கிறதுக்கு எடுத்த பொலிஸ் பாஸை நீட்டினவ. வாட்டு முழுக்கச் சிரிச்சது. நானும் சிரிச்சனான். இப்ப அண்ணனிட்டை என்ன கேக்கிறாங்கள் தெரியுமோ? ஆருக்குத் தகவல் பாஸ் பண்ணினனீ எண்டு.

இல்லை, எனக்குத் தண்ணி வேண்டாம். நேரம் போகுது.

காய்ச்சல்காரனின்ர ஐசி பொயின்ற்றுக்கு எப்பிடிப் போனதோ? இதை எழுதப்போறீங்களோ? எழுதாதேங்கோ, சும்மா சொல்லுறன். எங்கட ஊரில ஒருத்தருக்கு ஏலாட்டி அந்தப் பாஸில தம்பியோ மச்சானோ போறது. ஐசி இருந்தாலும் பதினெட்டு ஆகாட்டி பாஸ் குடுக்கமாட்டாங்கள், அப்ப வேற என்ன செய்யிறது? ஒரு நாள் போகாட்டி அண்டைக்கு உலை வைக்கேலாது. சென்றிக் காவலில நிக்கிறவன் நம்பரைத்தான் பாப்பான், முகத்தைப் பாக்கமாட்டான். அவனுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே மூஞ்சி. எத்தினை வருசமா இப்பிடித்தான். ஒரு பிழையும் வரேல்ல.

முந்தநாள் வந்திட்டுது. தோணி மெசின் நிண்டுபோச்சு. கயித்தை இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் கழண்டுபோச்சு. நீரோட்டம் வடக்கால இழுத்தது. சிவப்பு மிதவைக்கு அங்கால போகக்கூடாது, தெரியுந்தானே. தோணி தன்ரபாட்டில போச்சு. அப்பதான் நேவியின்ர போட் வந்தது. முதல் வெடி மேல வைச்சாங்கள். ரெண்டாவது தண்ணியில விழுந்தது. பக்கத்தில. மீன் துள்ளின மாதிரிக் கிடந்தது, ஆனா மீனில்லை. தோணியை விட்டிட்டுக் குதிச்சு, நீந்திக் கரையேறி, இருட்டுமட்டும் தாழம்பத்தைக்க கிடந்து, பிறகு ஊருக்கு நடை. பொயின்ற் பக்கமே போகேல்ல. மட்டை சேட்டுப் பொக்கற்றுக்க.

ஓம் நானா. என்ர கைதான். பாருங்கோ.

நீங்கள் அடிக்கிறதை நிப்பாட்டாதேங்கோ. ஏன் நிப்பாட்டினனீங்கள்?

நேற்றுக் காலமை அண்ணன் காய்ச்சலோட எழும்பிப் பொயின்ற்றுக்குப் போனவர். மட்டையைத் தா எண்டு என்னட்டைக் கேக்கேல்ல. நான் போய்க் கதைச்சுப்போட்டு வாறன், நீ வெளியில வராதை எண்டவர். அங்க போய் என்ன சொன்னவர் தெரியுமோ? நான்தான் போனனான், மெசின் பழுதாப்போச்சு எண்டு சொல்லியிருக்கிறார். மீன் ஏத்த அந்த வழியால போன மனுசன் ஒருத்தர் கேட்டிட்டு வந்து அண்ணிக்குச் சொன்னவர். அப்ப பாஸ் எங்க எண்டு கேட்டிருக்கிறாங்கள். அவரிட்டை இல்லையே. அந்த இடத்திலதான் அடி துவங்கினது.

இப்ப விளங்குதுதானே, நான் ஏன் காய்ச்சல் எண்டு எழுதச் சொல்லுறன் எண்டு. அவர் போகேல்ல எண்டு பேப்பரில இருந்தா விட்டிடுவாங்கள்தானே?

அப்ப ஆர் போனது எண்டு கேப்பாங்கள். ஓம். கேப்பாங்கள். எனக்கும் தெரியும். அந்த இடத்தைச் சும்மா விடேலாதோ? உங்கட இங்கிலீசில, ஒருவர் போனார் எண்டு எழுத ஏலாதோ?

இண்டைக்குக் காலமை அண்ணி என்னை ஏசேல்ல. அதுதான் பெரிய கரைச்சல். சோறு போட்டுத் தந்தவ, தின்ன ஏலாமப்போச்சு. கொடியில காஞ்ச என்ர சேட்டில இருந்து மட்டையை எடுத்து என்ர கையில வைச்சு, விரலை மடிச்சு விட்டவ. பஸ்ஸேறிப் பொயின்ற்றில இறங்கு எண்டவ.

இறங்கினனான் நானா. எல்லாச் சனமும் இறங்கி, செக்கிங் முடிச்சு, மற்றப் பக்கத்தால ஏறுறதுதானே. கதிரையில இருந்தவனுக்கு முன்னால நானும் போய் நிண்டனான். அவனுக்குப் பின்னால தகரக் கொட்டில். அண்ணன் நிலத்தில குந்தியிருந்தவர். ஒரு கண் மூடியிருந்தது. மற்றக் கண்ணால என்னைக் கண்டவர். கண்ட உடன தலையைக் குனிஞ்சிட்டார், ஆரோ தெரியாத ஆளைக் கண்ட மாதிரி. நான் என்ர ஐசியைக் காட்டினன். அவன் பாத்திட்டுப் போ எண்டான். பஸ்ஸேறி டவுனுக்கு வந்திட்டன்.

அண்ணி பெட்டிசம் எழுதச் சொல்லேல்ல. மட்டையை அவன்ர மேசையில வை, நான்தான் போனனான் எண்டு உன்ர வாயால சொல்லு எண்டுதான் சொன்னவ.

இந்தா, இன்னும் பொக்கற்றுக்கதான் கிடக்குது.