கேமரா நிக்கிற இடம்

அட, அதுக்குள்ள எந்திரிச்சா எப்படிம்மா? டப்பிங் முடிச்ச களைப்புதான், தெரியுது. டீயைக் குடிச்சிட்டுப் போ. டைரக்டர்தானே உன்னை வீட்ல விடப்போறாரு, அவர் கீழ யார்கிட்டயோ அரட்டை அடிச்சிட்டிருக்காரு, இப்பதான் ஜன்னல்ல பாத்தேன். உக்காரு.

தனியா எடிட் பண்ணிப் பண்ணி எனக்கு வாயே துருப்பிடிச்சுப் போச்சு. அடுத்த படத்தோட முதல் சீன் இப்படித்தான் இருக்கணும்னு அவர் ஒரு சாம்பிள் எடுத்துக் குடுத்திருக்காரு. படத்தை அப்புறம் பாக்கலாம், முதல்ல சத்தம் மட்டும் கேளு. பயமுறுத்தணும்னா மியூசிக்கைப் போட்டு அலறவிடணும்னு நினைப்பாங்க. சும்மா. மியூசிக்கை எடுத்துட்டாத்தான் நிஜமாவே பயம் வரும். இந்தா. மாடிப்படி, செருப்புச் சத்தம். எங்கயோ தண்ணி மோட்டார் ஓடுது. பூட்டுல சாவி. கதவு சட்டுனு திறக்கல, இழுத்துப் பிடிச்சு தோளால ஒரு இடி.

ஏம்மா கப்பைக் கீழ வச்சிட்ட? சூடா? இல்லயா. சரி.

பாழடைஞ்ச பங்களாவெல்லாம் வேணாம்மா. காயப்போட்ட துண்டு, மேஜையில பாதி கடிச்ச பிஸ்கட்டு, அப்படி நம்ம வீடு மாதிரியே இருக்கணும். அப்பதான் ஈரக்குலை நடுங்கும். அந்தப் பொண்ணு கதவைத் திறந்துட்டு உள்ள வர்றா, வெளிச்சம் அவ முதுகுக்குப் பின்னாடி, முகமே தெரியல. ஆனா கேமரா அவளுக்கு முன்னாடியே உள்ள நிக்குது. கேமரா எங்க நிக்குதோ அங்க ஒரு ஆள் நிக்கிறான்னு பாக்கிறவனுக்குத் தோணிடும். அவ்வளவுதான் வித்தை.

யாரு சார் இதுன்னு கேட்டேன். புதுப் பொண்ணு, ரொம்ப இயல்பா நடிக்கிறான்னு சிரிச்சாரு. நானும் பாவி, ரசிச்சு ரசிச்சு வெட்டி ஒட்டினேன். அப்புறந்தான் பாத்தேன், ஃப்ரேம் லேசா ஏறி இறங்குது. ஸ்டாண்டுல வச்ச கேமரா அப்படி அசையாதும்மா. கையில வச்சிருக்கிறவன் மூச்சு விட்டாத்தான் அசையும். நடிக்கிறவளுக்கு கேமரா பக்கம் பாத்துடக் கூடாதேன்னு உடம்புல ஒரு ஜாக்கிரதை இருக்கும். இவளுக்கு அது துளிகூட இல்ல. இருட்டு மூலையில ஒருத்தன் நிக்கிறதே தெரியாம, நேரா கேமரா பக்கமா வந்து, பாட்டிலோட தண்ணி குடிக்கிறா.

உன் வீட்டுக்கு நான் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கேன். கதவைத் தோளால இடிச்சுத் திறக்கிற வீடு எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான். இருந்தாலும் சந்தேகம். அதான் படத்தைக் காட்டாம சத்தத்தை மட்டும் போட்டேன். அது உன் வீடுதான்னு உன் மூஞ்சியே சொல்லுது.

அழாத, அப்புறம் அழலாம். சாவி யார்கிட்டயும் குடுத்ததில்லயா? நல்லா யோசி. டப்பிங் ரூமுக்குள்ள போறப்போ வளையல், போன், சாவிக்கொத்து எல்லாத்தையும் வெளிய மேஜையில வச்சிட்டுப் போறல்ல, மைக்குல கலகலன்னு விழும்னு? நீ நாள் பூரா உள்ள பேசிட்டிருக்க. அந்த மேஜையில உக்காந்துக்கிட்டு, கண்ணாடி வழியா உன்னையே பாத்துக்கிட்டு, இன்னொரு டேக் போலாம்மா, இன்னொரு டேக் போலாம்மான்னு சொல்லிட்டிருந்தது யாரு?

கதவைத் தட்டுறாரு பாரு. தட்டட்டும். நீ உள்ள வந்ததுமே நான் தாழ்ப்பாளைப் போட்டுட்டேன்.