யார் என்று கேட்காத பூட்டு

பெயர்: சேதுராமன் துஷ்யந்தி. வயது: 31. முகவரி: இல. 41/2, மடவளை வீதி, கட்டுகஸ்தோட்டை. தொழில்: மென்பொருள் எழுதுபவர். சாட்சி தமிழில் கூற, தமிழில் பதியப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் என் கணவர் ஷேனுடன் வசித்து வருகிறேன். இருவரும் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறோம். எங்கள் ஊரிலுள்ள தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம் முடிவுகளை அனுப்பும் செயலியை எங்கள் நிறுவனமே செய்து கொடுத்தது. அதில் நான் கை வைத்ததில்லை.

அங்கே பரிசோதித்துக்கொண்ட ஆசிரியை ஷிரோமியின் முடிவு சென்ற வாரம் அவர் படிப்பிக்கும் பாடசாலைப் பெற்றோர்களின் வட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அதன் பின்னர் அவர் பாடசாலைக்குப் போகவில்லை என்று அறிகிறேன். அந்த முடிவைச் செயலியில் ஏற்றிய ஊழியர் அஷ்பாக் என்பதால் அவரைக் கைது செய்தார்கள்.

அதன் பின்னர், எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் அஷ்பாக்கின் தகப்பனார் ஸெய்னுலாப்தீன் வந்தார். மகனுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்ததாகவும், பெண் வீட்டார் இப்போது போனை எடுப்பதில்லை என்றும் சொன்னார். "மகள், அவன் செஞ்சிருந்தா நானே பொலிஸுல குடுத்திருப்பன். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்றார். கொடுத்த தேநீரைத் தொடாமலே போய்விட்டார்.

அதன் பின்னர் நிலைய உரிமையாளரிடம் அனுமதி பெற்றுப் போய்ப் பார்த்தேன். அங்கே இணையம் அடிக்கடி நின்றுபோவதால், நிற்கும்போதெல்லாம் கீழ்த்தளத்தில் குளிர்பானம் விற்கும் கூல்பாரின் வைஃபையில் வேலை செய்வது அவர்கள் வழக்கம். ஷிரோமியின் முடிவும் அப்படித்தான் போயிருக்கிறது. செயலி அனுப்பும் தகவல் பூட்டியே போகும். ஆனால் பூட்டுவதற்கு முன், எதிர்ப்பக்கம் நிற்பது சரியான கணினிதானா என்று அதன் சான்றிதழை வாங்கிச் சரிபார்க்க வேண்டும். நான் எங்கள் வீட்டுப் பூனையின் பெயரில் ஒரு சான்றிதழைச் செய்து, கூல்பாரில் என் மடிக்கணினியோடு செயலிக்கும் அதன் எதிர்ப்பக்கக் கணினிக்கும் இடையில் புகுந்தேன். செயலி பூனையை ஏற்றுக்கொண்டது. மேலே நிலையத்தில் சோதனைக்காக ஏற்றிய பொய் நோயாளியின் முடிவு முழுவதும் என் திரையில் வந்தது. கதவுக்குப் பூட்டு நல்ல பூட்டுதான், தட்டியவர் யார் என்று கேட்காமலே திறந்துவிட்டார்கள். அந்தக் கூல்பாரில் உட்கார்ந்த எவராலும் இதைச் செய்திருக்க முடியும். செய்தவர் யார் என்று எனக்குத் தெரியாது.

ஒரு செயலியைப் பரீட்சித்துப் பார்க்கும் காலத்தில் எங்கள் அலுவலகக் கணினிக்குச் சொந்தமாகச் செய்த சான்றிதழே இருக்கும். அதனால் சரிபார்க்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதி, பிறகு எடுத்துவிடலாம் என்று விடுவார்கள். எங்கள் தொழிலில் பிறகு என்று விட்டதை யாரும் பிறகு பார்ப்பதில்லை. எனக்கு எப்போதும் ஆத்திரம் வருவது இதற்குத்தான்.

அதன் பின்னர் வீட்டுக்கு வந்து ஷேனிடம் சொன்னேன். இந்தச் செயலியில் அந்த வரியை எழுதியவர் அவர். "இத சொன்னா என் வேல போயிரும், துஷி" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும், "வேல போனா வேற தேடலாம். அஷ்பாக்குக்குப் போன பேர எங்க போய்த் தேடுறது?" என்று கேட்டேன்.

இன்று காலை அவரே மோட்டார் சைக்கிளில் என்னை இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தார். இப்போது வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்ததாகத் தன்னையும் விசாரிக்கும்படி கேட்டிருக்கிறார்.

கணவர் என்பதால் அவர் பெயரை விட்டுவிடலாமா என்று நான் யோசித்தது உண்மை. சந்தேக நபராக அஷ்பாக்கின் பெயரை எழுதும்போது அப்படி யோசிக்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

மேலே உள்ளவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன. என் கணவர் பெயர் வரும் இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அதுவும் சரி.

(ஒப்பம்) சே. துஷ்யந்தி