துண்டு துண்டாய்த் தூக்கம்

– காலை ஆட்டாதீங்க அத்தான். பெஞ்சே நடுங்குது.

– நான் எங்கடா ஆட்டுறேன்?

– அப்போ பூகம்பம்தான். சிஸ்டர், எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போங்க...

– வாயை மூடு. டாக்டர் கிளினிக்ல வந்து விளையாட்டு. எவ்வளவு நேரமா உள்ள வெச்சிருக்கார் அவளை!

– இப்பத்தான போனா.

– எட்டு வயசுப் பிள்ளைகிட்ட தனியா என்ன பேச்சு? பெத்த அப்பன் வெளியே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்...

– தனியா பேசணும்னு அவர் கேட்டப்ப நீங்கதான் தலையாட்டினீங்க.

– அவர் ஏதோ ஒரு பேரைச் சொன்னார். யாரைச் சொல்றார்னே ஒரு நிமிஷம் புரியல எனக்கு.

– பள்ளிக்கூடத்துப் பேரு. நாம வீட்டுல கடுகு கடுகுன்னு கூப்பிட்டு, அவளுக்கே அந்தப் பேரு மறந்திருக்கும். விடுங்க. ரத்தத்துல ஒண்ணுமில்லன்னுட்டாரே. அப்புறம் என்ன?

– அதான்டா பயமா இருக்கு. உன் அக்காவுக்கும் ரத்தத்துல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க.

– அத்தான், என்னமோ புர்ருங்குது.

– வாட்ச் அலாரம்.

– மறுபடியுமா!

– என் தூக்க நேரம். இருபது நிமிஷம். அவ வெளியே வந்தா எழுப்பு. நகரு, கால் நீட்டணும்.

– இந்த பெஞ்சுலயா?

– எங்க இருந்தாலும் படுக்கணும். துண்டு துண்டாத் தூங்கி நேரத்தை மிச்சம் பிடிக்கணும்னா அதான் முறை. ஒண்ணு தவறினா மொத்தமும் கெட்டுப்போகும்.

– வேளா வேளைக்கு மாத்திரை போடுற மாதிரி தூக்கத்தை முழுங்குறீங்க.

– கிண்டல் பண்ணு, பண்ணு. மனுஷன் ராத்திரி பூரா மரக்கட்டை மாதிரி கிடக்கணும்னு எவன் சொன்னான்? பூனையைப் பாரு. அங்கங்க சுருண்டு ஒரு குட்டித் தூக்கம். எந்திரிச்சா என்ன சுறுசுறுப்பு!

– பூனை உங்களை மாதிரி பல் செட்டு செய்யாது அத்தான்.

– இப்ப நீ பேசாம இருக்கப் போறியா, இல்லியா?

– இருந்துட்டேன்.

– ...

– தூங்கிட்டீங்களா?

– இல்ல.

– ...

– இப்ப?

– டேய்!

– யாருங்க அது பெஞ்சுல படுத்திருக்கறது? பேஷண்டா?

– இல்லீங்க சிஸ்டர். துணைக்கு வந்தவர்.

– அப்போ எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க. பாக்கறவங்க பயப்படறாங்க.

– கேட்டுச்சா? எந்திரிங்க. ஏற்கனவே உங்க மூஞ்சியைப் பாத்து பக்கத்துல இருந்த அம்மா குழந்தையைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க.

– போச்சு. இன்னைக்கு ஒரு துண்டு போச்சு.

– போகட்டும். இப்படி மிச்சம் பிடிக்கிற நேரத்துல நீங்க என்னதான் பண்றீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

– வேலை.

– வேலையா! மேசையில மெழுகு காய்ஞ்சு வெடிச்சுக் கிடக்கு. ஊர்ல பாதிப் பேரு பொக்கை வாயோட உங்களுக்காகக் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காங்க. அந்த ஹெட்மாஸ்டருக்கு என்ன பண்ணீங்க? மேல் செட்டுல இடது பக்கப் பல்லை வலது பக்கம் வெச்சு... மனுஷன் சிரிச்சா வேற யாரோ சிரிக்கிற மாதிரி இருந்துச்சு.

– திருத்திக் குடுத்துட்டேன்ல? நீ மட்டும் ஒழுங்கா? கல்யாண மாப்பிள்ளைக்கு ஒரு பக்கக் கிருதாவைச் சுத்தமா வழிச்சு விட்டது யாரு?

– அது... கை தவறிடுச்சு.

– கண்ணு அசந்துடுச்சு. அந்த மாப்பிள்ளைதான் உன்னைத் தட்டி எழுப்பினானாம். சலூன்ல கத்தியைக் கையில வெச்சுக்கிட்டுத் தூங்கறவன் எனக்குத் தூக்கத்தைப் பத்திப் பாடம் எடுக்குறான். உனக்கு என்னடா குறை? சாப்பிட்ட கையோட போய்ப் படுக்குற.

– ...கொசு.

– நம்ம வீட்டுலயா?

– என் ரூம்ல மட்டும்.

– அக்கா போனப்ப ரெண்டு வாரம்னு வந்தவன், இன்னும் பெட்டியையே பிரிக்கல. அதுக்குள்ள இருந்துதான் வருதோ என்னமோ.

– பிரிச்சா நிரந்தரமாத் தங்கிட்டேன்னு ஆயிடும். அது கிடக்கட்டும். என் வட்டக் கண்ணாடியை யார் எடுக்கறது?

– எந்தக் கண்ணாடி?

– வீட்டுக்குப் போய் முடி வெட்ட ஒரு பை வெச்சிருக்கேன்ல, அதுல இருக்கறது. மீசையைப் பாத்துக்கறதுக்குக் குடுப்பேனே, கையடக்கமா...

– கடுகு விளையாட எடுத்திருப்பா.

– அவ எடுத்த பொருளை எந்தக் காலத்துல திருப்பி வெச்சிருக்கா? இது யாரோ நல்லாத் துடைச்சு, உறையில போட்டு, பதவிசா வெக்கிறாங்க. ஆனா குப்புற. நான் எப்பவும் நிமித்தித்தான் வெப்பேன்.

– என்னடா, விசாரணையா?

– அத்தான்... நேரத்தை மிச்சம் பிடிக்கறவன் பகல்லதான முழிச்சிருப்பான்? நீங்க பகல் பூரா சுருண்டு சுருண்டு விழறீங்க. ராத்திரியானா அந்த வாட்ச் உங்களை எழுப்பி எழுப்பி விடுது. இது பூனைத் தூக்கம் இல்ல. வாட்ச்மேன் தூக்கம். கடுகு ரூமுக்குப் போறீங்க. அப்படித்தான?

– தண்ணி இருக்கா உன்கிட்ட?

– இந்தாங்க. பாத்து... சட்டையில ஊத்திக்காதீங்க.

– அன்னைக்கு ராத்திரி நான் எப்படித் தூங்கினேன்னு உனக்குத் தெரியுமா?

– விடுங்க அத்தான். இங்க வேணாம்.

– நல்லாத் தூங்கினேன்டா. எத்தனையோ வருஷமா அப்படித் தூங்கினதில்ல. என் கை அவ மேலதான் கிடந்துச்சு. விடிஞ்சதும், எந்திரி, நேரமாச்சு, வர வர உனக்குத் தூக்கம் ஜாஸ்தியாப் போச்சுன்னு... நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறேன். பல்லு விளக்கிட்டு வந்தும் பேசுறேன். பதில் வரலன்னு கோவிச்சுக்கிட்டேன்டா. அதுக்கு முன்னாடியே அவ காய் நறுக்கிக்கிட்டே கண் அசருவா. நாம என்ன பண்ணோம்?

– சிரிச்சோம்.

– ஆமா. சிரிச்சோம். இப்ப இவ கணக்கு வகுப்புல தலையைச் சாய்க்குறா. டீச்சர் போன்ல சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, உங்க பொண்ணு பெஞ்சுல கன்னத்தை வெச்சு ஜம்முன்னு தூங்குறா சார்னு. எனக்கு அப்புறம் எதுவும் காதுல விழல.

– டாக்டர்கிட்ட அக்கா விஷயத்தைச் சொன்னீங்களா?

– சொல்லல.

– என்ன அத்தான் நீங்க! அதுக்குத்தான வந்தோம்?

– வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா எழுதிக்குவார். எழுதிட்டா... இவளுக்கும் அதுதான்னு ஆயிடும் போல இருந்துச்சு.

– எழுதட்டும். நெஞ்சுக்கு என்னென்ன டெஸ்ட் இருக்கோ எல்லாம் எடுக்கட்டும். உள்ள கூப்பிட்டதும் முதல் வார்த்தை அதுதான். நீங்க சொல்லலன்னா நான் சொல்வேன்.

– சொல்றேன். நானே சொல்றேன்.

– ...கண்ணாடியை வெச்சு என்ன பண்றீங்க?

– மூக்குக்கிட்டப் பிடிப்பேன்.

– விரலை வெச்சாப் போதாதா?

– இந்த விரலையா? சுடு மெழுகையும் பிளாஸ்டரையும் தொட்டுத் தொட்டு மரத்துக் கிடக்கு. இதை நம்ப முடியாது. கண்ணாடின்னா கண்ணுக்குத் தெரியும். ஆவி படியும். அது படிஞ்சாத்தான் எனக்கு அடுத்த துண்டுத் தூக்கமே வரும்.

– நல்லாப் படியுதா?

– மொத்தக் கண்ணாடியும் மறைஞ்சு போற மாதிரி. புஸ்ஸுன்னு.

– ஆமா. அந்தக் குட்டி உடம்புக்குள்ள இருந்து அவ்வளவு மூச்சு.

– உனக்கெப்படித் தெரியும்?

– இப்ப நீங்கதான சொன்னீங்க.

– ...குட்டி உடம்புன்னு நான் சொல்லலியே.

– கதவு திறக்குது! எந்திரிங்க. சட்டையை இழுத்து விடுங்க. சிரிங்க.

– நீ சிரி. எனக்கு வரல.

– கடுகு! வாடி என் ராசாத்தி. ஊசி போட்டாரா?

– இல்ல மாமா. மிட்டாய் குடுத்தாரு. அப்பா, நீங்க உள்ள போக வேணாம். உக்காருங்க.

– ஏன்? எதுக்கு உக்காரணும்? டாக்டர் என்ன சொன்னார்?

– நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். நானேதான் சொல்லணுமாம். சொன்னதுக்கு அப்புறம்தான் உங்களைக் கூப்பிடுவாராம்.

– நெஞ்சுல வெச்சுப் பாத்தாரா?

– பாத்தாரே. எனக்கும் கேக்கக் குடுத்தாரு. லப் டப், லப் டப்னு நல்லா அடிக்குதாம். குதிரை மாதிரி.

– அப்புறம் ஏன்மா வகுப்புல தூக்கம் வருது?

– திட்டுவீங்களா?

– மாட்டேன்மா.

– மாமா நீங்க?

– நான் எதுக்குடி திட்டப்போறேன்? எனக்கும் இதுக்கும் என்ன...

– உங்களைப் பத்தியும்தான் மாமா.

– சொல்லும்மா. அவனை விடு.

– ராத்திரி அப்பாவோட வாட்ச் புர்ருங்கும். அப்பா வந்து கண்ணாடி வெப்பீங்க. அப்பா போனதும் மாமா வருவாரு. அதே கண்ணாடிதான். சில்லுன்னு இருக்கும். மாமா போய்க் கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி புர்ர்...

– டேய்... கொசுவாடா உனக்கு?

– அத்தான், நீங்க அந்த வாட்சை நம்பி அசந்துட்டா... ஒருத்தராவது பாக்க வேணாமா? அதான்.

– ரெண்டு பேரும் என்னைப் பாருங்க. ஒரு நாள் நான் நிஜமாவே தூங்கிட்டேன். அப்பா, அன்னைக்கு நீங்க என்னைப் பிடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்கினீங்கல்ல?

– அது... அப்பா ஏதோ கெட்ட கனவு கண்டேன்னு சொன்னேனேம்மா.

– கனவு இல்ல. நீங்க கண்ணாடியைப் பாத்துட்டு அழுதீங்க. தூங்கறப்ப எல்லாருக்குமே மூச்சு சின்னதாத்தான் வருமாம், டாக்டர் சொன்னாரு. கண்ணாடியில சரியாப் படியாது. அதான்பா... நீங்க ரெண்டு பேரும் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் நான் தூங்காம கண்ணை மட்டும் மூடிக்கிட்டு இருந்து, கண்ணாடி வந்ததும் நல்லா ஊதி விடுறேன்.