மணல் இறுகும்வரை

தேத்தண்ணி நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சூடுதான் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. கல்முனை ஐஸ் கொம்பனியில் மெக்கானிக்காக இருந்து இருந்து குளிரே பழகிவிட்டது. ஆறட்டும், குடிக்கிறேன். அதற்குள் பளீலின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பளீல் என் மனைவி ஹாஜறாவின் தம்பி, கொம்பனியில் கூலிவேலை செய்தவன். நான் குடியிருப்பது அவள் சீதனமாகக் கொண்டுவந்த வீடு. அதனால் அவன் நினைத்த நேரம் வருவான், சாப்பிடுவான், என்னைக் கேலி பண்ணுவான். நல்ல பிள்ளை. அதை யாரும் மறுக்க ஏலாது.

சூறாவளிக்குப் பிறகு கொம்பனிக் கிணறு உப்பாகிவிட்டது. புதிதாக ஆழமாய் ஒன்று தோண்ட வேண்டும். கடற்கரை மணல், இடுப்பளவு தோண்டினாலே சரியும், தண்ணீரும் ஊறும். சுவர் சரியாமல் வட்டமான சீமெந்துக் கொட்டு இறக்குவதுதான் வழக்கம். கொட்டே வேண்டாம், மணலை உறைய வைத்தால் அதுவே சுவர் என்று நான் முதலாளியிடம் சொன்னேன்.

பளீல் சபையில் வைத்தே சிரித்தான். “ஐஸுக்குப் பக்கத்துல இருந்து மச்சானுக்கு மூளையும் உறைஞ்சு பெய்த்து,” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆனாலும் பொறுமையாக விளக்கினேன். காய்ந்த மணலை எவ்வளவு குளிரில் வைத்தாலும் கையால் அள்ளலாம். நனைந்த மணலை வைத்துப் பாருங்கள், சுத்தியலுக்கும் அசையாது. மணிகளுக்கு நடுவே நின்ற தண்ணீர் கட்டியாகும்போது பருத்து, அவற்றை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். இடைவெளியும் அடைபடுவதால் ஒரு சொட்டு நீர் உட்புகாது. பிறகு, கிணற்றிடத்தைச் சுற்றிக் குழாய்களை இறக்கி, ஐஸ் தொட்டியில் உறையாமல் ஓடும் கடுங்குளிர் உப்புத்தண்ணீரை அவற்றில் ஓடவிட்டேன். நான் சொன்னபடியே மணல் நின்றது. பளீல்தான் உள்ளே இறங்கித் தோண்டினான். அப்போதும் நம்பவில்லை, இது கண்கட்டு வித்தை என்றான்.

அது நடந்த அன்று காலை, அவன் இறங்கியதும் அந்தக் குழாய்களின் வால்வை மூடினேன். மீன் தோணிகளுக்கு ஐஸ் போதவில்லை, குளிர் தொட்டிக்கு வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். உங்களிடம் அந்தப் பொய்யைச் சொல்லப்போவதில்லை. குளிர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவன் அறிய வேண்டும், அவ்வளவுதான். லுஹர் தொழுகைக்குக் கிட்டத்தில், உச்சி வெயிலில், சுவர் வேர்க்கிறது என்று கீழிருந்து சொன்னான். வெயில் சூடு, கிண்டு என்றேன். கொஞ்ச நேரத்தில் மணல் சரிந்து அவனை நெஞ்சுவரை மூடியது.

ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். நான் தடுத்தேன். இளகிய மணலில் இறங்கினால் எல்லாரும் புதைவீர்கள், முதலில் உறையட்டும் என்றேன். நியாயமான பேச்சு, ஐயா. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. வால்வைத் திறந்தேன். பாதி இளகிய மணல் சீக்கிரமே இறுகத் தொடங்கியது.

பின்னேரம் அஸர் தொழுகை நெருங்கும்போது அவன் குரல் மெலிந்துவிட்டது. நான் குனிந்து கேட்டேன்.

“மச்சான், மண் நெருக்குது. மூச்செடுக்க ஏலா.”

“இப்ப நம்புறியா?”

“ஓம் மச்சான். நம்புறன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது. அல்லாஹ் அறிய, அதற்குப் பிறகு என் மனதில் அவனைப்பற்றி ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் வால்வை ஏன் உடனே மூடவில்லை என்று கேட்கிறீர்கள். மணல் இன்னும் கொஞ்சம் இறுக வேண்டியிருந்தது.