ஃபோர்மேனோட மொத வேல

அட, எங்க எழுந்துக்கற, ஒக்காரு மாப்ள. சங்கு ஊத இன்னும் நேரம் இருக்குது. ஆமா, நெசந்தான், ஃபோர்மேன் ஆக்கிட்டாங்க. காலையிலதான் மானேஜரு கூப்ட்டு சொன்னாரு. சந்தோசம் இல்லையான்னா என்னத்த சொல்றது. ரெண்டு பேரும் ஒண்ணாதான இந்தப் பீங்கான் கம்பெனியில சேந்தம். என் தங்கச்சி கனகாவ ஒனக்குக் குடுத்ததெல்லாம் அப்பறந்தான. ஒனக்குத் தெரியாதது என்னா இருக்குது.

இந்த நாக்காலிக்கு எத்தினி பேரு வந்தாங்க பாத்தியா. மெட்ராஸ்லேர்ந்து படிச்ச புள்ளாண்டான் ஒருத்தன் வருவான். ஜங்ஷன்லேர்ந்து அவன் பெட்டி படுக்கைய தூக்கியாந்தது நானு. வூடு பாத்துக் குடுத்து, பாலுக்கு ஆளு சொல்லி, எல்லாம் நானு. இந்த வெயிலு ஒத்துக்கலன்னு அவன் வேற வேல பாத்துக்கிட்டு போயிடுவான். அடுத்தவன் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கப்பா சாமிக்கண்ணுன்னு எங்கிட்ட சொல்லுவாரு மானேஜரு. ஆக்டிங் ஃபோர்மேன். வேல பூரா நம்ம தலையில, நாக்காலியில மட்டும் ஒக்காரக் கூடாது. கூத்துல ராசா வேசம் கட்டனவனக் கூட ஒக்கார வுடுவாங்க.

சிரிக்காத. நெய்வேலியில ஆளு எடுக்கறாங்களாம், போயி நில்லுய்யான்னு ராணி சொல்லாத நாளு இல்ல. பொண்டாட்டி பேச்சக் கேட்டிருக்கணும். இதோ வருது, அதோ வருதுன்னே ஓட்டிட்டேன். அசந்து பூட்டேன் மாப்ள. வந்ததும் வந்துச்சி, சந்தோசப்படத் தெம்பு இல்ல.

புது மிஷினா? ஆமா, அதுவும் நெசந்தான். கரண்டு கம்பத்துல மாட்டற பீங்கான அதுவே அழுத்தித் தள்ளிடுமாம். கைப்பிரஸ்ஸு ஓட்டறதுக்கு இத்தினி பேரு எதுக்குங்கறாங்க.

அதான் மானேஜரு கதவ சாத்திட்டு சொன்னாரு. இனிமே நீதாய்யா ஃபோர்மேன், ஒன் ஆளுங்கள்ல ஒருத்தன் பேரச் சொல்லு, நாளையிலேர்ந்து நிப்பாட்டணும்னாரு. என்னால முடியாதுங்கன்னேன். முடியாதுன்னா சொல்லிடு, மெட்ராஸ்ல ஆளு ரெடியா இருக்குதுன்னாரு.

யாரச் சொல்லுவேன் நானு. கோவிந்தராசுவச் சொன்னா அவன் சம்சாரம் புள்ளைங்கள இட்டுக்கினு எம் வாசல்ல வந்து குந்திக்கும். வேம்புவச் சொன்னா கேட்டுக்கு முன்னால கொடி புடிப்பான். யாரச் சொன்னாலும், தங்கச்சி புருசன வச்சிக்கிட்டு நம்மள அனுப்பறான் பாருன்னு பேசுவாங்க. அந்தப் பேச்ச வாங்கிக்கிட்டு அந்த நாக்காலியில எப்பிடி ஒக்கார்றது.

மொத்த செக்ஷன்லயும் என்னய ஒரு வார்த்த ஏன்னு கேக்காத ஆளு ஒருத்தந்தான் மாப்ள.

இப்பக்கூடப் பாரு, கேக்க மாட்டேங்கற.

கனகாகிட்ட நீயே சொல்லிடு. நான் அந்தப் பக்கம் வர கொஞ்ச நாளு ஆவும்.