எதிர்வீட்டு ரோஜாச்செடி

எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் புல்லும் ஒரே உயரத்தில் இருக்கும். ஓஹாயோ மாநிலத்திலேயே இப்படி ஒரு தெரு அபூர்வம். பதினொரு வருடமாகத் தெருக் காவல் குழுவின் தலைவி நான்தான்.

எதிர்வீட்டு ஆல்டன் டாலிவர் கறுப்பர். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் குடிவந்த வாரமே ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அவரிடம் எனக்கு வெறுப்பு கிடையாது. அவர் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரென்று தெரியாது, அவ்வளவுதான். தெரியாதவர்களைப் பார்த்தால் போலீசுக்குச் சொல்வது என் பொறுப்பு.

ஜூனில் நகர மன்றத்தில் கூட்டம். ரோந்துக் கார்களை அதிகமாக்கலாமா என்று விவாதம். அதிகமாக்க வேண்டும் என்று பேசினேன். அடுத்து டாலிவர் எழுந்தார்.

"இந்தம்மா என் வீட்டுக்கு நாப்பது தடவை போலீசைக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு தடவை வந்தது என் தங்கச்சி. இன்னொரு தடவை பாதிரியார். போன வாரம் வந்தது நான்தாங்க, என் வீட்டுக்கு நானே."

மன்றமே சிரித்தது. வாசலில் அவர் என்னிடம், "கோவிச்சுக்காதீங்கம்மா. ஒருநாள் காபிக்கு வாங்க. யார் யார் வர்றாங்கன்னு நானே சொல்லிடறேன்," என்றார். அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து, நடு மதியம், ரோஜாச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் குழாயின் முனையில், விசையை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் கறுப்புக் கைப்பிடி. போலீசுக்குப் போன் செய்தேன்.

"கையில என்ன வெச்சிருக்காரு மேடம்?"

"துப்பாக்கி."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுது. தெருவுல பிள்ளைங்க விளையாடுதுங்க. சீக்கிரம் வாங்க."

தெருவில் ஒரு பிள்ளையும் இல்லை.

நாலு நிமிடத்தில் கார் வந்தது. இறங்கிய இளம் போலீஸ்காரரின் கத்தல் கேட்டு டாலிவர் கைப்பிடியோடு திரும்பினார். மூன்று குண்டுகள். குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் நடைபாதை வரை ஓடியது.

இரண்டு மாதமாக ஊரே அந்த இளம் போலீஸ்காரரைப் பற்றிச் சண்டை போடுகிறது. ஒரு கூட்டம் கொலைகாரன் என்கிறது, இன்னொரு கூட்டம் வீரன் என்கிறது. அவர் ஜெயிலுக்குப் போவார் போலிருக்கிறது. அவருக்காகத்தான் வாக்குமூலம் கொடுக்க நானாக இங்கே வந்திருக்கிறேன். அவர் என் வார்த்தையை நம்பினார். என் கண்ணில் கோளாறில்லை. அது தண்ணீர்க் குழாய் என்று தெரிந்துதான் துப்பாக்கி என்றேன்.

ஒன்றை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். டாலிவருடைய நிறத்துக்காக நான் இதைச் செய்யவில்லை. அவர் வெள்ளைக்காரராக இருந்திருந்தால் போலீஸ் முதலில் பேசிப் பார்த்திருக்கும். நானும் வேறு ஏதாவது யோசித்திருப்பேன்.