டயர் சத்தம்தான் என்றேன்

டயர் சத்தமும் பேரிங் சத்தமும் கேட்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், சார். சாலை மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். எந்தச் சாலையிலும் அதே உறுமல் என்றால் சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். என் ஒர்க்‌ஷாப்பில் எந்த வண்டியையும் கழற்றுவதற்கு முன்னால் நான் ஏறி ஒரு சுற்று வருவது வழக்கம். "நான் பேசினா மாமாவுக்குக் காது கேக்காது, வண்டி பேசினா மட்டும் கேக்கும்" என்று மாப்பிள்ளை கேலி செய்வார்.

தாயில்லாமல் நான் வளர்த்த ஒரே மகள். கல்யாணத்துக்குப் பிறகும் பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். மாப்பிள்ளைக்குத் தொலைவில் எங்கோ மாற்றல் வந்தது. கிளம்பும் நாளன்று சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு காலையில் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். கொஞ்ச நாளாக வண்டியில் ஒரு உறுமல் கேட்கிறது, பார்த்துவிடுங்கள் என்றார் மாப்பிள்ளை.

மகள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். புதுத் தார்ச்சாலையிலும் பெயர்ந்த சாலையிலும் ஒரே உறுமல். இடப்பக்கம் திருப்பினால் கூடியது, வலப்பக்கம் திருப்பினால் அடங்கியது. கோளாறு வலது முன்சக்கரத்தில். ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்த்தேன். சக்கரம் கையோடு சேர்ந்து ஆடியது. அப்படி ஆடும் வண்டியை நான் வாசல் தாண்ட விட்டதே இல்லை. புது பேரிங் அலமாரியிலேயே இருந்தது. மாற்றியிருந்தால் மதியம் கிளம்பியிருப்பார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டயர் தேய்மானம் என்று சொல்லிவிட்டேன். வேலை செய்ததுபோல் இருக்கட்டுமே என்று முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டேன். வண்டி நடுவழியில் நின்றுவிடும், என்னைத்தான் கூப்பிடுவார்கள், கட்டி இழுத்து வந்து வேலையை இழுத்தடிக்கலாம், அதற்குள் அவள் மனம் மாறலாம் என்று நினைத்தேன். பெற்ற மனம், சார்.

நினைத்தபடியே வழியிலிருந்து போனில் கூப்பிட்டாள். சத்தம் ரொம்பக் கூடிவிட்டதாம். எதிரில் ஒரு ஒர்க்‌ஷாப் தெரிகிறது, காட்டிவிட்டுப் போகலாம் என்கிறாராம் மாப்பிள்ளை.

"நிறுத்தட்டுமாப்பா?"

அங்கே கழற்றினால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு இதுகூடவா தெரியவில்லை என்று எவனோ அவளிடம் கேட்பான். இல்லையென்றால், தெரிந்தே விட்டேன் என்பது மாப்பிள்ளைக்குப் புரிந்துவிடும். இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியாது.

"டயர் சத்தம்தாம்மா. பயப்படாம போ."

"நீங்க சொன்னா சரிப்பா" என்றாள்.

ஒரு வளைவில் சக்கரம் கழன்றது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். தங்கமான மனிதர், என்னை ஒரு நாளும் முகம் கோணப் பேசியதில்லை. அவருக்காக நான் அழுதது பொய்யில்லை.

மகள் இப்போது என் வீட்டில், தன் பழைய அறையில் இருக்கிறாள். வளைவில் தான் வேகமாகத் திருப்பியதுதான் காரணம் என்று நம்புகிறாள். "நான்தாம்ப்பா அவரைக் கொன்னுட்டேன்" என்று என் மடியில் முகம் புதைத்துச் சொல்கிறாள். தலையைத் தடவிக் கொடுக்கிறேன். எனக்கு நெஞ்சே வெடித்துவிடும்போல் இருக்கிறது. அதனால்தான் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே ஸ்டேஷனுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், சார். இதை அவளிடம் சொல்லாதீர்கள். தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவாள்.